ஊரில் இருக்கும் அம்மாவின் கண்ணை எங்கே காட்டுவது?

"அம்மாவுக்குக் கண் மங்கலாத் தெரியுதாம். ஊர்ல கண் டாக்டர் கிடையாது. வீடியோ கால்லயே காட்டிடலாமா, இல்ல லீவு போட்டு வந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணுமா?"

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் சென்னையிலோ திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பவர்கள். அப்பா அம்மா ஊரில். எனக்கும் அதே நிலைதான். ஆண்டிபட்டிப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 67 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. அதனால் இந்த வழிகளில் பலவற்றை நாங்களே நடந்து பார்த்திருக்கிறோம். ஒன்றைத் தாமதமாக நடந்து, ஒரு கண்ணை இழந்தும் இருக்கிறோம்.

அந்தக் கண் என் சித்தப்பாவுடையது. கதிரடிப்பின்போது நெல் சுணை பட்டது. உறுத்தல்தானே என்று இரண்டு நாள் விட்டார். மூன்றாம் நாள் கண் சிவந்து நீர் கொட்டியதும் ஒரு மருந்துக் கடையில் சொல்லி சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். முதல் நாள் சிவப்பு குறைந்தது. "நல்லா கேக்குது" என்று போனில் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். பத்தாம் நாள் கருவிழியின் நடுவே அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளை. அவர் வாங்கியது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. கண்ணுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது பூஞ்சை. ஸ்டீராய்டு சிவப்பை அடக்கும், பூஞ்சைக்கோ அது தீனி. ஊர்க்காரர்கள் சொல்வது போல, கண்ணில் பூ விழுந்துவிட்டது.

இது அரிய விஷயமும் இல்லை. 1993இல் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருந்தது. பெரும்பாலும் வயலில் வேலை செய்பவர்களின் கண்கள். அதனால் "எது வசதி" என்று கேட்பதற்கு முன்னால் "என்ன தொல்லை" என்று கேளுங்கள். வழியைத் தீர்மானிக்க வேண்டியது தொல்லைதான், தூரம் அல்ல.

எதை வைத்து ஒப்பிடுவது?

நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, மற்ற மூன்றையும் விடப் பெரியது: கண்ணுக்குப் பக்கத்தில் என்ன கருவி இருக்கிறது, அதைப் பிடிக்கத் தெரிந்த கை இருக்கிறதா? டாக்டர் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. கருவியும் பழகிய கையும் நோயாளியின் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். கண் நீர் அழுத்தம் வெளியிலிருந்து தெரியாது. சர்க்கரையால் விழித்திரையில் கசியும் ரத்தம் வெளியிலிருந்து தெரியாது. வெளியே பார்ப்பதற்குக் கண் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே பாதி பார்வை போயிருக்கலாம்.

இரண்டாவது, மொத்தச் செலவு. பீஸ் அதில் சின்னப் பகுதி. பஸ், கூட வருபவரின் ஒரு நாள் கூலி, ஆடு மாட்டைப் பார்க்க ஆள், வெளிச் சாப்பாடு எல்லாம் சேர்ந்ததுதான் செலவு.

மூன்றாவது, பார்த்த பிறகு என்ன? கண்ணாடி அங்கேயே கிடைக்குமா, அறுவை சிகிச்சை என்றால் யார் கூட்டிப் போவார்கள்?

நான்காவது, அடுத்த தடவை போகும்போது போன தடவை எழுதியது அங்கே இருக்குமா? சர்க்கரைக்காரர்களுக்கும், குளுக்கோமா (பெரும்பாலும் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும் நோய்) உள்ளவர்களுக்கும் இது உயிர்நாடி.

வழி 1: வீட்டிலிருந்தே போனில்

2020 மார்ச்சில் தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகள் வந்த பிறகு, பதிவு பெற்ற மருத்துவர் வீடியோவில் பார்த்து ஆலோசனை சொல்வதற்குத் தெளிவான வழி பிறந்தது. அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி இலவசம். தனியார் மருத்துவமனைகளும் செய்கின்றன.

இது எதற்கு நன்றாக உதவுகிறது? புரை அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தவர் எந்தச் சொட்டு மருந்தை எத்தனை வேளை என்று குழம்பும்போது. இமைக்கட்டிக்கு. மெட்ராஸ் ஐ வீட்டில் ஒருவருக்கு வந்து, மற்றவர்கள் என்ன செய்வது என்று கேட்க. பழைய ரிப்போர்ட்டைக் காட்டி "இப்போதே போக வேண்டுமா, அடுத்த மாதம் போகலாமா" என்று தெரிந்துகொள்ள. கடைசியில் சொன்னதுதான் இதன் சிறந்த பயன்: எங்கே, எவ்வளவு சீக்கிரம் என்று வழிகாட்டல்.

கண்ணைக் காட்டுவது என்றால், ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, பின்பக்கக் கேமராவில் வேறொருவர் படமெடுக்க வேண்டும். கீழிமையை மெல்ல இழுத்து ஒன்று, மேலே பார்க்கச் சொல்லி ஒன்று, நேராகப் பார்க்கச் சொல்லி ஒன்று. அம்மா தானே செல்பி கேமராவில் காட்டினால் நெற்றிதான் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு இதில்தான் அதிகம் என்பேன். "டாக்டர்கிட்ட காட்டியாச்சு" என்ற நிம்மதிதான் அந்தச் செலவு. போனில் பார்த்த டாக்டர் அழுத்தத்தை அளக்கவில்லை, விழித்திரையைப் பார்க்கவில்லை. அவர் அதைச் சொல்லியும் இருப்பார். "நேரில் ஒருமுறை காட்டிவிடுங்கள்" என்ற அந்தக் கடைசி வரி மட்டும் வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது.

வழி 2: பக்கத்து ஊர்ப் பார்வை மையம்

பலரும் கேள்விப்படாத வழி, எனக்கு மிகவும் பிடித்த வழி. கண் மருத்துவமனை ஒன்று கிராமப்புறத்தில் வருடம் முழுக்கத் திறந்து வைத்திருக்கும் சிறு கிளைதான் பார்வை மையம். இது எப்படி வந்தது என்பதிலிருந்து கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மருத்துவமனைகள் ஊர் ஊராகக் கண் முகாம்களை எவ்வளவுதான் நடத்தினாலும் தேவைப்படுகிறவர்கள் எல்லோரும் வருகிறார்களா? 1990களில் தென்தமிழக கிராமங்களில் இதை ஆராய்ந்தபோது, கண்ணில் குறையுள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள் என்று தெரிந்தது. இலவசம், ஊருக்கே வருகிறது, ஆனாலும் ஏழு பேர். துணைக்கு ஆள் இல்லை, அன்று வேலை இருந்தது, இன்னும் கொஞ்சம் தெரிகிறதே என்று மற்றவர்கள் வரவில்லை. ஒரு நாள் வந்து போகும் முகாம் போதாது, வருடம் முழுக்கத் திறந்திருக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் இதில்தான் வலுப்பெற்றது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2000களின் நடுவில் தேனிப் பகுதியில் இப்படிச் சிறு மையங்களைத் திறந்தது. அப்போது கிராமத்தில் நல்ல இணையம் ஏது? பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் வந்து, உயரமான கம்பங்களில் ஆன்டெனா கட்டி, சாதாரண வைஃபையைப் பல கிலோமீட்டர் எட்ட வைத்து மையங்களைத் தேனி மருத்துவமனையோடு இணைத்தார்கள். இன்று அப்படிப்பட்ட மையங்கள் நூறுக்கு மேல். ஆந்திரா, தெலங்கானாவில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையும் சுமார் 50,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் இதே மாதிரி மையங்களை நடத்துகிறது.

உள்ளே என்ன நடக்கும்? போன ஐப்பசியில் அம்மாவோடு போனேன். கடைத்தெருவில் வாடகைக் கட்டடம், இரண்டு அறை. சுவரில் எழுத்துப் பலகை. பயிற்சி பெற்ற ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், அம்மாவை உட்கார வைத்து வட்டக் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி "இது நல்லா இருக்கா பாட்டி, முன்னது நல்லா இருந்துச்சா?" என்று பொறுமையாகக் கேட்டார். அப்புறம் தாடையை வைத்துக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவி. அப்புறம் கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றியதும் திரையில் டாக்டர் வந்தார். அவர் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து கும்பிட்டார். "உட்காருங்கம்மா, வலது கண்ல புரை இருக்கு, இப்போ அவசரம் இல்லை. ஆனா சர்க்கரைக்கு விழித்திரையைப் பார்க்கணும், அதுக்கு மட்டும் தேனிக்கு வாங்க" என்றார். முழுதும் ஒன்றரை மணி நேரம்.

நான் சொன்ன கருவியும் கையும் இங்கே இரண்டும் இருக்கின்றன. அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள், இரண்டு வருடம் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். பாட்டி சொல்லும் "கண்ல மணல் கிடக்குற மாதிரி"யும் "பூச்சி பறக்குற மாதிரி"யும் அவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

செலவும் குறைவு. பீஸ் சிறு தொகை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021 முதல் கட்டணம் கிடையாது என்பதால் அம்மா தனியாகவே காசில்லாமல் போய்வர முடிகிறது. மதுரை பஸ்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். எல்லா மையத்திலும் விழித்திரைப் படம் எடுக்கும் கேமரா இருக்காது. இருந்தாலும் புரை முற்றிய கண்ணில் படம் தெளிவாக வராது. அறுவை இங்கே கிடையாது. கண்ணாடிக்குச் சிலசமயம் இரண்டாவது நடை நடக்க வேண்டும். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று எழுதிக் கொடுத்த சீட்டு வீட்டில் டிவிப் பெட்டிக்குப் பின்னால் மாதக்கணக்கில் கிடப்பதுதான் இந்த வழியின் மறைமுகச் செலவு. சீட்டு கிடைத்த அன்றே தேதி குறித்துவிடுங்கள்.

வழி 3: முகாமும் வண்டியும்

பள்ளிக்கூடத்திலோ சாவடியிலோ ஞாயிற்றுக்கிழமை முகாம். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்கள். புரை என்று உறுதியானால் அன்றே பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய், அறுவை செய்து, லென்ஸ் வைத்து, சாப்பாடும் கொடுத்து, ஊரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். இலவசம். புரை அறுவைக்குக் கையில் காசும் துணைக்கு ஆளும் இல்லாதவருக்கு இதை விட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

வண்டி என்பது வேறு. சென்னை சங்கர நேத்ராலயா 2003 முதல் கருவிகளோடு பஸ்ஸைக் கிராமங்களுக்கு அனுப்புகிறது. தொடக்கத்தில் இஸ்ரோவின் செயற்கைக்கோள் தொடர்பு வழியாகச் சென்னையிலிருக்கும் டாக்டர் பார்த்தார். ஐஐடி மெட்ராஸோடு சேர்ந்து அறுவை அரங்கையே பஸ்ஸுக்குள் வைத்த வண்டியும் அவர்களிடம் உண்டு. மையம் எட்டாத ஊருக்கும் படுத்த படுக்கையாக இல்லாவிட்டாலும் பஸ் ஏற முடியாத முதியவர்களுக்கும் இது பெரிய வாய்ப்பு.

முகாமின் சிக்கல் என்னவென்றால், தேதி அவர்களுடையது. அன்று நடவு இருந்தால் போச்சு. கையில் மாற்றுடை இல்லாமல், வீட்டில் சொல்லாமல், மாத்திரை எடுக்காமல் வருபவர்கள் அன்றே பஸ் ஏற வேண்டியிருக்கும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கூடியிருந்தால் அறுவை தள்ளிப் போகும், அறுவை செய்யாமலே திரும்புவார்கள். குளுக்கோமா மாதிரி ஆயுளுக்கும் தொடர வேண்டிய நோய்க்கு முகாம் போதவே போதாது. அங்கே கண்டுபிடிக்கலாம், வைத்தியம் வேறெங்காவதுதான்.

"புரை முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்று முகாமைத் தள்ளிப்போடுபவர்களுக்கு: அது லென்ஸ் வைக்காத காலத்துப் பேச்சு. இன்று முற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. முற்ற விட்டால் அறுவை கடினமாகும், சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறும்.

வழி 4: நேராகப் பெரிய மருத்துவமனை

எங்கள் பக்கம் என்றால் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தேனி, மதுரை. எல்லாக் கருவியும் ஒரே கூரைக்குக் கீழே. அரசு மருத்துவமனையில் புரை அறுவையும் இலவசம்.

ஒரு நாள் முழுதும் போகும் என்று எண்ணிக்கொண்டு கிளம்புங்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். அதற்கப்புறம் நாலைந்து மணி நேரம் வெயில் கூசும், எழுத்து மங்கும், பஸ் போர்டு படிக்க முடியாது. அதனால் துணை கட்டாயம். டிவிஎஸ் எக்ஸெல்லில் தனியாக வந்த அப்பாக்கள் திரும்பும்போது அதை ஓட்டக் கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் இரண்டாம் முறை வருவதில்லை.

ஆனால் சில தொல்லைகளுக்கு இது ஒன்றுதான் வழி. அதுவும் அன்றே:

திடீரெனப் பார்வை போனால், திரை இறங்குவது போல ஒரு பக்கம் மறைந்தால், மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தால். கண் சிவந்து கடும் வலியோடு தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால். கருவிழியில் வெள்ளைப் புள்ளி வந்தால். புரை அறுவை முடிந்த சில நாளில் வலி கூடிப் பார்வை குறைந்தால். குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால். சுண்ணாம்போ பூச்சிமருந்தோ பட்டால் முதலில் அங்கேயே குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, அப்புறம் வண்டி.

இவற்றில் எதற்கும் போனில் படம் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் நந்தியாவட்டைச் சாறும் வேண்டவே வேண்டாம். நாக்கால் தூசி எடுப்பவரிடமும் போகாதீர்கள்.

எந்தத் தொல்லைக்கு எந்த வாசல்?

| தொல்லை | முதலில் போகும் இடம் | போதாத இடம் |
|---|---|---|
| வெள்ளெழுத்து, கண்ணாடி மாற்ற | பார்வை மையம் | போன் |
| மெல்ல மெல்ல மங்கல், 50 தாண்டியவர் | பார்வை மையம், இல்லையேல் முகாம் | கண்ணாடிக் கடை |
| சர்க்கரை இருக்கிறது, கண்ணில் தொல்லை இல்லை | விழித்திரைக் கேமரா உள்ள மையம் அல்லது பெரிய மருத்துவமனை, வருடம் ஒருமுறை | போன், கண்ணாடிக் கடை |
| வீட்டில் யாருக்காவது குளுக்கோமா | பெரிய மருத்துவமனை, பிறகு மையத்தில் அழுத்தம் பார்ப்பது | முகாம் மட்டும் |
| வயலில் தூசி, சுணை பட்ட கண் | அன்றே மையம். வலியோ வெள்ளையோ இருந்தால் பெரிய மருத்துவமனை | மருந்துக் கடை, போன் |
| மாறுகண் உள்ள குழந்தை | பெரிய மருத்துவமனை, பள்ளி சேர்க்கும் முன்பே | "வளர்ந்தா சரியாகும்" |
| அறுவைக்குப் பின் மருந்துச் சந்தேகம் | போன் | – |

கண்ணாடிக் கடையை ஏன் ஒதுக்கினேன் என்று கேட்பீர்கள். "கம்ப்யூட்டர் கண் பரிசோதனை" பவரை மட்டும் சொல்லும். நோயைச் சொல்லாது. சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் ஏறி இறங்கும். அந்த வாரத்துப் பவருக்கு வாங்கிய கண்ணாடி அடுத்த மாதம் ஒத்துவராது.

மூன்றாவது வரிசையைத் தயவுசெய்து மறுபடி படியுங்கள். 2021இல் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அம்மாவுக்கும் அப்படித்தான். பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் மாத்திரைக்காக ஆஸ்பத்திரிக்குப் போகும் நடை நின்றதும், "கண்ணையும் ஒரு தடவை பார்த்துட்டு வரேன்" என்ற நடையும் எங்கள் வீட்டில் நின்றுபோனது. மூன்று வருடம் யாரும் அம்மாவின் விழித்திரையைப் பார்க்கவில்லை. சர்க்கரை விழித்திரையைத் தின்னும்போது வலிக்காது, சிவக்காது. பார்வை குறைகிறது என்று அவர்களே சொல்லும்போது பெரும்பாலும் தாமதம்.

விழித்திரைப் படத்தைக் கணினியே படித்துச் சொல்லும் முறையைப் பற்றியும் கேட்கிறார்கள். 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முக்கியமான ஆய்வுக்கு அரவிந்த், சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் உதவின. பெரும்பாலும் சர்க்கரை பாதிப்பு இருக்கிறதா இல்லையா என்று பிரித்துப் பார்ப்பதற்கே இது. அது "இல்லை" என்று சொன்னால் குளுக்கோமாவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாங்கள் இப்போது செய்வது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மா தானே டவுன் பஸ்ஸில் பார்வை மையம் போகிறார். வருடம் ஒருமுறை, தை மாதம் நான் பொங்கலுக்கு வரும்போது, கண்மணி விரித்து விழித்திரை பார்க்கத் தேனிக்குக் கூட்டிப் போகிறேன். போன் இடையில் வரும் சந்தேகத்துக்கு மட்டும். இது எங்கள் வீட்டுக்குச் சரி. மையம் இல்லாத ஊர் என்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு, அந்தக் கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

எங்கே அனுப்பினாலும் ஒரு மஞ்சள் பையில் இவை இருக்கட்டும்: பழைய கண்ணாடி, பழைய சீட்டுகள், சர்க்கரை மாத்திரை அட்டை, பகலில் போனை எடுக்கும் ஒருவரின் நம்பர் பெரிய எழுத்தில். அப்புறம், இதுவரை கண்ணில் விட்ட எல்லாச் சொட்டு மருந்துக் குப்பிகளும், காலியானதும் சேர்த்து. சித்தப்பா தன் குப்பியைத் தூக்கி எறிந்திருந்தார். அது என்ன மருந்து என்று கண்டுபிடிக்க நாங்கள் மறுபடி அந்தக் கடைக்குப் போய்வர அரை நாள் ஆனது.